சொந்த வயலின் விதை களவாகுமா?



இவ்வாரத் தியானத்தை வாசிக்கும்முன் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தையும், அதே ஆகமத்தின் 47ஆம் அதிகாரத்தையும், 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தையும் வேதத்தைத் திறந்து ஒருமுறை வாசித்துக்கொள்ளும்படி அன்புடன் வேண்டுகிறேன்.

சென்ற அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்து, காணிக்கைப் பொருள்களின் ஏலமும் முடிந்து, எல்லாரும் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் நம் சபையின் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். தலைமுறை தலைமுறையாகப் பயிர்த்தொழில் செய்கிற குடும்பம் அவருடையது. சற்றுத் தயங்கி நின்றுவிட்டு, "ஐயா, என் வயலில் விளைந்ததில் ஒரு பங்கை எடுத்துவைத்து மறுவருடம் விதைத்தால், அது எட்டாம் கற்பனையை மீறுவதாகுமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் காரணத்தைச் சொன்னார். குஜராத் மாநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட சில விவசாயிகள்மேல், தனக்கு உரிமையுள்ள இரகத்தைப் பயிரிட்டார்கள் என்று ஒரு பெரிய நிறுவனம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்த செய்தியை நகரத்தில் வேலை செய்யும் அவருடைய மகன் படித்திருக்கிறான். "அப்பா, இனிமேல் விதை எடுத்துவைக்காதீர்கள், அது பிறர் சொத்து" என்று எச்சரித்தும் இருக்கிறான். வழக்குக்கு அந்தப் பெரியவர் அஞ்சவில்லை. அறுபது ஆண்டுகளாகத் தாம் செய்துவந்தது தேவனுக்கு முன்பாகக் களவாக எண்ணப்படுமோ என்பதே அவருடைய அச்சம்.

அன்று நான் அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. "ஜெபித்துப் பார்ப்போம் ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாதபோது போதகர்கள் சொல்லும் வார்த்தை அது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன்பின் வந்த வாரங்களில் வேதத்தையும், இந்தப் பொருளைக் குறித்த சட்டங்களையும் தீர்ப்புகளையும் என்னால் இயன்ற அளவு வாசித்தேன். இந்தத் தியானம் அவருக்கு நான் தரவேண்டியிருந்த பதில். அவர் மனதிலிருந்த கேள்வி உங்களில் பலருடைய மனதிலும் இருக்கக்கூடும் என்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலாவது, வேதம் விதையைக் குறித்து என்ன சொல்லுகிறது?

சிருஷ்டிப்பின் மூன்றாம் நாளில் பூமி முளைப்பித்ததைக் கூறும்போது, ஒவ்வொரு பயிரும் தன் இனத்தின் விதையைத் தன்னிலேயே உடையதாயிருந்தது என்று ஆதியாகமம் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. ஆறாம் நாளில் மனிதனுக்கு ஆகாரத்தைக் கொடுக்கும்போதும், விதையுள்ள பூண்டுகளையும் விதையுள்ள கனிமரங்களையுமே தேவன் கொடுக்கிறார். அவர் ஒருவேளைச் சாப்பாட்டைக் கொடுத்து நிறுத்திவிடவில்லை. அடுத்த ஆண்டின் சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்தார். நாம் ஒரு வேட்டியை வாங்கினால் அது இன்னொரு வேட்டியைப் பெற்றுத் தராது. ஒரு மண்வெட்டி இன்னொரு மண்வெட்டியை ஈனாது. ஒரு நெல்மணியோ நூறு நெல்மணியாகிறது. வேட்டிக்கும் மண்வெட்டிக்கும் மனிதர் வகுத்த உடைமை முறையை விதைமேல் அப்படியே சுமத்தும்போது இடறல் உண்டாவது இதனால்தான். விதையை விற்றவர் அதன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரிமை கேட்கத் தொடங்குகிறார்.

இரண்டாவது, இந்த உரிமை எப்படி உண்டாயிற்று?

காப்புரிமை என்பது ஒரு புதிய பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தவருக்கு அரசு கொடுக்கும் தனி உரிமை. பொதுவாக இருபது ஆண்டுகளுக்கு அவருடைய அனுமதியின்றி வேறு எவரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. நீண்ட காலம் வரைக்கும் இந்த உரிமை இயந்திரங்களுக்கும் இரசாயனங்களுக்குமே பெரும்பாலும் கொடுக்கப்பட்டது. 1930இல் அமெரிக்கா ஒட்டுக்கட்டியும் பதியன் போட்டும் பெருக்கப்படும் செடிகளுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியபோதுகூட, விதையால் பெருகும் பயிர்களை அதில் சேர்க்கவில்லை. விதைப் பயிர்களுக்கென்று 1970இல் அங்கு ஒரு தனிச் சட்டம் வந்தது. விவசாயி தன் விதையை எடுத்துவைத்து விதைப்பதற்கு அதில் இடமிருந்தது.

1980இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்னும் விஞ்ஞானி, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் ஒரு நுண்ணுயிரை ஆய்வகத்தில் உருவாக்கியிருந்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஐந்து நீதிபதிகள் கொடுக்கலாம் என்றனர், நால்வர் மறுத்தனர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் திறந்த அந்த வாசல் வழியாகத்தான் பின்னர் சோயாவும், சோளமும், பருத்தியும், கடுகினப் பயிராகிய கனோலாவும் காப்புரிமைக்குள் வந்தன.

அதன் விளைவை இரண்டு விவசாயிகளின் வாழ்க்கையில் காணலாம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பெர்சி ஷ்மைசர் என்பவர் தாமே எடுத்துவைத்த விதையைக்கொண்டு கனோலா பயிரிட்டுவந்தார். 1997இல் அவருடைய வயலோரத்தில் களைக்கொல்லியைத் தெளித்தபோதும் சாகாத செடிகள் நின்றன. மொன்சாண்டோ நிறுவனம் காப்புரிமை பெற்ற மரபணு அவற்றில் இருந்தது. தாம் அந்த விதையை வாங்கியதில்லை என்றார் அவர். ஆனால் அந்தச் செடிகள் நின்ற பகுதியிலிருந்து விதை எடுத்து மறுவருடம் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கரில் விதைத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2004இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் காப்புரிமையை மீறினார் என்று தீர்ப்பாயிற்று. அதனால் அவர் தனி இலாபம் ஒன்றும் அடையாதபடியால் நிறுவனத்துக்குப் பணம் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை என்றும் கூறப்பட்டது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வெர்னன் போமன் என்னும் முதிய விவசாயி, தானியக் கிடங்கில் பொதுவாக விற்கப்படும் சோயாவை வாங்கி, பருவம் பிந்திய விதைப்புக்குப் பயன்படுத்தினார். களைக்கொல்லிக்குத் தப்பியவற்றிலிருந்து விதை எடுத்து ஆண்டுதோறும் விதைத்தார். விதை தானாகவே பெருகுகிறது, தாம் அதைத் தயாரிக்கவில்லை என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். வாங்கிய விதையை உண்ணலாம், விற்கலாம்; ஆனால் விதைத்துப் பெருக்குவது புதிதாகத் தயாரிப்பதற்குச் சமம் என்பது அவர்களுடைய முடிவு. அவர் செலுத்தவேண்டியதாக விதிக்கப்பட்ட தொகை 84,000 டாலருக்கும் அதிகம்.

இவ்விருவரும் களங்கமற்ற ஏழைகள் என்றும், எதிரிலிருந்தவர்கள் கொடியவர்கள் என்றும் நான் சொல்லப்போவதில்லை. இருவரும் தாங்கள் விதைப்பது எத்தகைய விதை என்பதை அறிந்தே விதைத்தார்கள். அந்தந்த நாட்டுச் சட்டத்தின்படி தீர்ப்பளிக்கப்பட்டது. என் கவலை அந்தச் சட்டத்தைக் குறித்ததே. விதைத்து அறுத்து மீண்டும் விதைப்பது என்பது நோவாவின் காலமுதல் பூமியில் ஒழியாதிருக்கும் என்று தேவன் வாக்களித்த ஒழுங்கு. அந்த ஒழுங்கின்படி நடப்பவனை மீறினவன் என்று பெயரிடும் ஒரு சட்டத்தைக் குறித்துச் சபை மௌனமாயிருக்கலாமா?

மூன்றாவது, நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நினைத்துப்பாருங்கள்.

ஆகாப் ராஜா அந்தத் தோட்டத்தை முதலில் பலவந்தமாய்ப் பறிக்கவில்லை. நல்ல விலை தருவதாகச் சொன்னான். வேறு தோட்டம் தருவதாகவும் சொன்னான். தன் பிதாக்களின் சுதந்தரத்தை விற்க நாபோத் உடன்படவில்லை. அதன்பின் நடந்தது என்ன? யேசபேல் நிருபங்களை எழுதினாள். ராஜாவின் முத்திரை போடப்பட்டது. ஊர் மூப்பர்கள் கூடினார்கள். சாட்சிகள் இருவர் நிறுத்தப்பட்டார்கள். வெளிப்பார்வைக்கு எல்லாம் முறைப்படி நடந்தது. முத்திரையிட்ட காகிதத்தின் வழியாகவும் ஒருவனுடைய சுதந்தரம் பறிபோகக்கூடும் என்பதை வேதம் அங்கே நமக்குக் காட்டுகிறது.

இந்நாட்களிலும் அப்படிப்பட்ட காகிதங்கள் உண்டு. 1995இல் புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அடுப்படியிலிருந்து எடுத்துப் பூசிய மஞ்சள் அது! இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி எதிர்த்தது. 1997இல் அது நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயைக்கொண்டு பயிர்களின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு, ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமை கிடைத்தது. வந்தனா சிவா முதலானோர் எதிர்த்து வழக்காடியதில் 2000இல் அது இரத்தாயிற்று. மேல்முறையீடும் தள்ளுபடியாகி முழுவதும் முடிந்தது 2005இல்தான்.

மெக்சிகோவின் மஞ்சள் பீன்ஸ் கதை இன்னும் துயரமானது. அங்குள்ள மக்கள் வழிவழியாக உண்டுவரும் பயறு அது. ஒரு அமெரிக்கர் 1994இல் அங்கே ஒரு பை பீன்ஸ் வாங்கிச் சென்று, அதில் மஞ்சள் நிற விதைகளைப் பொறுக்கிச் சில பருவங்கள் பயிரிட்டு, 1999இல் காப்புரிமை பெற்றார். பின்பு மெக்சிகோவிலிருந்து மஞ்சள் பீன்ஸை இறக்குமதி செய்தவர்களிடம் உரிமைத் தொகை கேட்டார். எல்லையில் சரக்குகள் தடைபட்டன. அவ்விடத்து விவசாயிகளின் ஏற்றுமதி சரிந்தது. கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வேளாண் ஆய்வு மையம் அந்தக் காப்புரிமையை எதிர்த்தது. அது செல்லாது என்று இறுதியாகத் தீர்ப்பு வந்தபோது ஆண்டு 2009. பத்து ஆண்டுகள் கழித்து நீதி கிடைத்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் நஷ்டப்பட்டவர்களுக்குப் போன ஆண்டுகளைத் திருப்பிக் கொடுப்பவர் யார்?

இங்கே நம்மில் சிலர் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்கக்கூடும். "ஐயா, வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று ஆண்டவரே போதித்திருக்கிறாரே. ஒரு புதிய இரகத்தை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் செலவாகின்றன. அதற்குப் பலன் இல்லையென்றால் யார் உழைப்பார்கள்?" நம் சபைப் பிள்ளைகளில் வேளாண்மை படித்து விதை ஆராய்ச்சியில் வேலை செய்பவர்களும் உண்டு. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். பூச்சிக்கும் வறட்சிக்கும் தாங்கும் பயிரைக் கண்டுபிடிப்பது பசித்தவனுக்குச் செய்யும் ஊழியம். அதற்குக் கூலி கொடுக்கப்படவேண்டும்.

ஆனால் அந்த வயலில் வேலை செய்தவர்கள் யார் யார் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 1966இல் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 என்னும் நெல்லை வெளியிட்டது. பஞ்சத்தை எதிர்நோக்கியிருந்த ஆசியாவில் விளைச்சலைப் பெருக்கிய நெல் அது; நம் தஞ்சை வயல்களுக்கும் வந்தது. அதன் பெற்றோர் இரண்டு: இந்தோனேசியாவின் உயரமான நெல் ஒன்று, தைவானின் குட்டை நெல் ஒன்று. விஞ்ஞானிகள் இரண்டையும் இணைத்தார்கள். அந்த இரண்டையும் அதற்குமுன் எத்தனையோ தலைமுறைகளாக நல்ல கதிரைப் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, பசியிலும் உண்ணாமல் காத்துக்கொடுத்த விவசாயிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐ.ஆர்.8 காப்புரிமையின்றி எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. கூலியில்லாமல் யாரும் உழைக்கமாட்டார்கள் என்ற வாதத்துக்கு அந்த நெல்லே ஒரு பதில். அந்த விஞ்ஞானிகள் சம்பளம் பெற்றார்கள், விதையைப் பூட்டிவைக்கவில்லை.

கொரிந்து சபையில் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று சண்டை எழுந்தபோது, நட்டவனுக்கும் நீர்பாய்ச்சினவனுக்கும் அவனவனுடைய உழைப்பிற்கேற்ற கூலி உண்டு என்று அப்போஸ்தலன் ஒப்புக்கொள்கிறார். விளைச்சல் மட்டும் தேவனுடையது என்று அதே இடத்தில் பிரித்தும் வைக்கிறார். கூலி கேட்பது நியாயம். விளையச்செய்கிறவருடைய இடத்தில் உட்கார்ந்து, விளைச்சலின் விளைச்சலுக்கும் உரிமை கேட்பது வேறு காரியம். வைட்டமின் ஏ சத்துக்காக உருவாக்கப்பட்ட பொன்னிற அரிசியின் கதையும் இதையே சொல்லுகிறது. இங்கோ பொட்ரிகஸ், பீட்டர் பெயர் என்னும் இரு விஞ்ஞானிகள் அதை உருவாக்கிய பின், ஏறக்குறைய எழுபது காப்புரிமைகள் அதன் வழியில் குறுக்கே நின்றன. ஏழை விவசாயிகள் கட்டணமின்றிப் பயிரிடவும் விதை எடுத்துவைக்கவும் உரிமையாளர்கள் இடங்கொடுத்த பின்புதான் அந்த வழி திறந்தது. மனமிருந்தால் விட்டுக்கொடுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நான்காவது, யோசேப்பின் சரித்திரத்தில் நாம் வேகமாக வாசித்துக் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு.

பஞ்சகாலத்தில் எகிப்தியர் யோசேப்பினிடத்தில் வந்தார்கள். முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பணம் தீர்ந்தபின் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நிலத்தையும் தங்களையும் பார்வோனுக்கு விற்றார்கள். அதன்பின்தான் அவர்கள் கையில் விதை கொடுக்கப்பட்டது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு பார்வோனுக்கு என்று கட்டளையும் பிறந்தது. யோசேப்பு நல்லவர். அந்த மக்களைச் சாவுக்குத் தப்புவித்தார். அவர்களும் நன்றியோடு அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் யாத்திராகமத்தின் தொடக்கத்தில் யோசேப்பை அறியாத ஒரு புதிய ராஜா எழும்புகிறான். நல்லவன் ஒருவன் சேர்த்துவைத்த அதிகாரம் முழுவதும் அவன் கைக்கு வருகிறது. அவன் அதைக்கொண்டு செய்த கொடுமையை யோசேப்பின் சந்ததியே அனுபவித்தது.

இதை இக்காலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். விளைந்த விதை முளைக்காதபடி அதை மலடாக்கும் ஒரு தொழில்நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதை வணிகத்துக்குக் கொண்டுவரமாட்டோம் என்று 1999இல் மொன்சாண்டோ வாக்களித்தது. நல்ல வாக்குத்தான். ஆனால் 2018இல் பேயர் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. மொன்சாண்டோ என்ற பெயரே இன்று இல்லை. நிறுவனங்கள் கைமாறும், அதிகாரிகள் மாறுவார்கள். ஆகவே நல்லெண்ணத்தை நம்பி மாத்திரம் ஆகாரத்தின் சாவியை ஒருவர் கையில் ஒப்புவிப்பது ஞானமல்ல.

அந்த அதிகாரத்தில் இன்னொரு வசனம் என்னைக் குத்துகிறது. ஆசாரியர்களுடைய நிலம் மாத்திரம் விற்கப்படவில்லை. பார்வோன் அவர்களுக்கு மானியம் கொடுத்துவந்தபடியால் அவர்கள் தப்பினார்கள். ஜனங்கள் எல்லாரும் நிலத்தை இழந்துகொண்டிருந்தபோது ஆசாரியர்கள் பேசினதாக வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் போதகனாகிய நான், விதையைக் குறித்து இதுவரை ஒரு பிரசங்கமும் செய்யாததற்கு அதுதான் காரணமோ என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெரியவருக்கு நான் அன்று பதில் சொல்லாமல் போனதற்கும் அதுவே காரணமாயிருக்கலாம்.

இப்போது அவருடைய கேள்விக்கு வருகிறேன்.

ஐயா, நீங்கள் செய்வது களவல்ல. வேதத்தின்படியும் அல்ல, நம் நாட்டுச் சட்டத்தின்படியும் அல்ல. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு செடிகளுக்கும் விதைகளுக்கும் காப்புரிமை இல்லை என்று சொல்லுகிறது. புதிய இரகங்களை உருவாக்குவோரின் உரிமைக்காக 2001இல் பயிர் இரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு செய்த இரகத்துக்கு அது வயல் பயிர்களில் பதினைந்து ஆண்டுகள்வரை பாதுகாப்புத் தருகிறது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, அப்படிப் பாதுகாக்கப்பட்ட இரகமானாலும், தன் விளைச்சலிலிருந்து விதையை எடுத்துவைக்கவும், விதைக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிர்ந்துகொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது. விற்கும்போது உரிமையாளரின் பெயரும் முத்திரையும் இட்ட விதையாக விற்கக்கூடாது என்பதே அதிலுள்ள வரம்பு. பெயரைத் திருடாதே, விதையை எடுத்துக்கொள் என்பதாக நாம் அதைப் புரிந்துகொள்ளலாம். கூலிக்கும் விளைச்சலுக்கும் இடையே பவுல் போட்ட கோட்டை இந்தச் சட்டம் ஏறக்குறையத் தொட்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தூங்கிவிடக்கூடாது. உங்கள் மகன் படித்த குஜராத் வழக்கைப் பெப்சிகோ நிறுவனம் 2019இல், பரவலான எதிர்ப்புக்குப்பின், திரும்பப் பெற்றது. கவிதா குருகண்டி என்னும் செயற்பாட்டாளர் அந்த இரகத்தின் பதிவையே எதிர்த்து மனுச் செய்தார். 2021இல் பதிவு இரத்தானது. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அதை உறுதிசெய்தார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த இரத்தை நீக்கிவிட்டது. விவசாயியின் 39ஆம் பிரிவு உரிமை ஏட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு கோடி ரூபாய் கேட்டு வரும் நீதிமன்ற அறிவிப்பைக் கையில் வாங்கும் ஒருவருக்குத் தன் உரிமை இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர் பயத்தினாலேயே பணிந்துபோவார். ஆகையால் ஒப்பந்தப் பயிருக்குக் கையெழுத்திடும்முன், அதில் விதையைக் குறித்து என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நம் சபையில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசித்தால் மட்டும் போதாது. பெரியவர்களுக்கு ஒப்பந்தமும் வாசித்துக் காட்டட்டும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்லவேண்டும். சட்டம் உரிமையைக் கொடுத்தாலும், எடுத்துவைக்க விதை இருக்கவேண்டுமே! வீரிய ஒட்டு விதைகளில் விளைந்ததை மறுவருடம் விதைத்தால் முதல் ஆண்டைப்போல் விளையாது, குணங்கள் பிரிந்துபோகும். பருத்தி பயிரிடுகிறவர்கள் இதை அறிவார்கள். அங்கே ஆண்டுதோறும் கடைக்குப் போகும்படி செய்வது சட்டமல்ல, விதையின் இயல்பே. நாமும் விளைச்சலுக்காக அதை விரும்பி ஏற்றோம். நம் வீடுகளில் வைக்கோற்பிரி சுற்றிக் கட்டிவைத்த விதைக்கோட்டைகள் எங்கே போயின? எந்த நிறுவனமும் வந்து அவற்றைப் பறித்துச் செல்லவில்லை. நாமே இடம் அடைக்கிறது என்று அப்புறப்படுத்தினோம். நாபோத் சுதந்தரத்தை விற்க மறுத்தான். நம்மில் பலர் கேட்பாரில்லாமலேயே விட்டுவிட்டோம்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருகிறவர்களுக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசமாகக் கொடுக்கப்படும். மறுவருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். காவலரும் வழக்கறிஞரும் இல்லாமல், வாக்கை மட்டுமே நம்பி நடந்த ஏற்பாடு அது. 2018இல் அவர் மறைவதற்குள் 150க்கும் மேற்பட்ட நெல் இரகங்களை மீட்டெடுத்துப் பரப்பியிருந்தார். இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கும்படி சீஷருக்குக் கற்பித்த ஆண்டவரின் சபையாகிய நாம் இதைச் செய்யக்கூடாதா?

ஆகவே சபைக் குழுவின் முன் ஒரு விண்ணப்பத்தை வைத்திருக்கிறேன். வருகிற அறுப்பின் பண்டிகையில் ஏல மேசைக்கு அருகே இன்னொரு மேசை இருக்கட்டும். அதிலுள்ளது ஏலம் விடப்படாது. நெல்லோ, உளுந்தோ, அவரையோ, கத்தரியோ, மறுபடி விதைத்தால் முளைக்கும் நாட்டு விதையை அங்கே காணிக்கையாகக் கொண்டுவாருங்கள். வேண்டியவர்கள் ஒரு படி எடுத்துச் சென்று, அடுத்த பண்டிகைக்கு இரண்டு படியாகக் கொண்டுவரட்டும். வயல் இல்லாதவர்கள் மாடியில் ஒரு தொட்டியிலாவது ஒரு செடியை விதைக்காக வளர்க்கலாம். ஆலயத்துக்கு வராத அயலாரும் எடுத்துச் செல்லலாம். போவாசின் வயலில் பொறுக்க வந்த ரூத் மோவாப் தேசத்தாள் என்பதை மறக்கவேண்டாம். இதனால் உலகத்துப் பெரிய நிறுவனங்களின் கணக்கில் ஒரு ரூபாயும் குறைந்துவிடாது. ஆனால் விதை யாரிடத்திலிருந்து வந்தது என்பதை நம் பிள்ளைகள் தங்கள் கையினால் தொட்டு அறிந்துகொள்வார்கள்.

முதல் மூட்டை எங்கிருந்து வரும் என்று நீங்கள் கவலைப்படவேண்டாம். சென்ற வாரம் அந்தப் பெரியவரின் வீட்டுக்குச் சென்று, "ஐயா, அது களவல்ல" என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று ஒரு சிறிய துணிமூட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். தம் தகப்பனார் காலத்திலிருந்து வரும் அவரை விதை என்றார். அது இப்போது போதகர் இல்லத்தில் இருக்கிறது.

ஜெபிப்போம்.

விதைக்கிறவனுக்கு விதையையும் உண்கிறவனுக்கு ஆகாரத்தையும் அளிக்கிற எங்கள் பரலோகப் பிதாவே, நீர் எல்லாருக்கும் கொடுத்ததைச் சிலருக்கு மாத்திரம் உரியதாக்கும் பேராசையிலிருந்து இவ்வுலகத்தைக் காத்தருளும். ஆய்வகங்களில் உழைக்கும் பிள்ளைகளுக்கு ஞானத்தையும் தாழ்மையையும் தாரும். சட்டம் இயற்றுவோருக்கும் நியாயம் தீர்ப்போருக்கும் எளியவனின் முகத்தைக் காணும் கண்களைத் தாரும். நாங்கள் அசட்டையாய் விட்டுவிட்டவற்றை மன்னித்து, மீந்திருப்பதைக் காத்துக்கொடுக்க எங்களுக்கு உதவிசெய்யும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம். ஆமென்.